சலவை அறையிலிருந்து வந்த புளூஸ்காரி

ஓஸ்லோ நகரத்து ஹொல்ம்லியா நிலையத்தில் ரயில் கதவு திறந்த கையோடு இறங்குகிற சனமெல்லாம் படிக்கட்டை நோக்கி ஓடும். மழையென்றாலும் பனியென்றாலும் அதே ஓட்டம்தான். புஷ்பராணி மட்டும் ஓட மாட்டாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடையிலேயே நின்று, ரயில் புறப்பட்டு வளைவில் மறையும் வரை பார்த்திருப்பாள். உதடுகள் மெல்ல அசையும். ரயில் போன பிறகுதான் காலெடுத்து வைப்பாள்.

இதை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். மேல்மாடியில் இருக்கிற இந்திரா, புஷ்பராணி ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நம்பினாள். எந்தச் சாமிக்கு என்று கேட்டுத் தானும் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். கணவர் குலேந்திரன், வீட்டுக்கு வந்து சமைக்கப் பஞ்சிப்பட்டு நேரத்தைக் கடத்துகிறாள் என்றார். மகள் ஹம்சத்வனி மட்டும் சின்ன வயதில் ஒருநாள் தாயின் வாயருகே காதைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "அப்பா, அம்மா ரயில் மாதிரி மூச்சு விடுறா" என்றாள்.

"உன்ரை அம்மா மூச்சாவது விடுறாவே, அதுவே பெரிய விஷயம்" என்றார் குலேந்திரன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புஷ்பராணியின் வாயிலிருந்து சொல் வருவது அபூர்வம். கடையில் வரிசையை யாராவது முந்தினால் பேசாமல் விட்டுவிடுவாள். மகளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தால் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணப் பெண்ணாக வந்த வருடத்திலேயே, குளிர் தாங்காமல் வாயை மூடியவள் பிறகு திறக்கவே இல்லை என்று குலேந்திரன் ஆட்களிடம் பகிடியாகச் சொல்வார். ஆனால் மகள் சொன்னதுதான் உண்மை. புஷ்பராணி ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதை மூச்சால் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

அவள் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில். நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான அறை. சுவரோடு பெரிய உலர்த்தும் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் சுற்றும்போது ஒவ்வொரு தாளம் போடும். ஒன்றில் பொத்தான் தட்டும், இன்னொன்றில் ஏதோ ஒரு பட்டை தளர்ந்து இரண்டடிக்கு ஒருதரம் முனகும். அந்த இடத்தில் பேச யாருமில்லாதது புஷ்பராணிக்குப் பெரிய சுகம். துவாய்களை மடித்தபடி இயந்திரங்களோடு சேர்ந்து மூச்சு வாங்குவாள், விடுவாள். வாங்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம்.

ஒருநாள் விரிப்புகளை வானில் கொண்டுவரும் மாரித், தள்ளுவண்டியோடு வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டாள். மாரித்துக்கும் இவளுடைய வயதுதான். குட்டைத் தலைமயிர், பெரிய சிரிப்பு. எதையும் மனதில் வைத்திருக்கத் தெரியாத பெண்.

"நீ என்ன செய்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?" என்று நொர்வேஜிய மொழியில் கேட்டாள்.

புஷ்பராணி திடுக்கிட்டு, கையிலிருந்த தலையணை உறையால் வாயை மூடிக்கொண்டு, "மன்னித்துக்கொள்" என்றாள்.

"என்னத்துக்கு மன்னிப்பு? நீ செய்தது புளூஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை. அதைப் பழக ஆட்கள் வருடக்கணக்காகப் படாத பாடு படுகிறார்கள்."

அடுத்த முறை வந்த துவாய்க் கூடையில், துவாய்களுக்கு நடுவே ஒரு மவுத் ஓர்கன் இருந்தது. மாரித் ஒரு சின்ன வாத்தியக் குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறாள் என்பது அப்போதுதான் புஷ்பராணிக்குத் தெரிய வந்தது.

மவுத் ஓர்கனில் ஊதினால் பிள்ளைகளின் பிறந்தநாள் பாட்டு வரும். அதே துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் வேறு ஒரு சத்தம் வரும். புளூஸ்காரர்கள் அந்த இழுக்கிற பக்கத்தில்தான் குடியிருக்கிறார்கள் என்று மாரித் சொல்லிக் கொடுத்தாள். இழுக்கும்போது நாக்கைக் கொஞ்சம் பின்னுக்கு வாங்கினால் சுரம் நேரே நிற்காமல் கீழே வழுக்கும். அந்த வழுக்கலைக் கேட்டதும் புஷ்பராணிக்குச் சிரிப்பு வந்தது. ஹம்சத்வனிக்கு ஒரு ராகத்தின் பெயரை வைத்து, வயலின் வகுப்பிலும் சேர்த்து, ஆறேழு வருடம் அந்தப் பெட்டியைக் காவிக்கொண்டு போய் வகுப்பு வாசலில் காத்திருந்தவள் அவள்தான். மகள் வயலினைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டாள். சுரத்தை வழுக்கி அசைக்கிற கமகம் எல்லாம் வாசலில் இருந்தவளிடம் தங்கிவிட்டது.

வீட்டில் வாசித்துப் பழக வழியில்லை. குலேந்திரன் பஸ் ஓட்டுகிறவர். விடியப்புறம் வேலைக்குப் போய்விட்டு வந்து பகலில் படுப்பார். ஆகவே அவள் அடுக்குமாடியின் நிலவறைக்குப் போனாள். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே கம்பி வலை அடித்த ஒரு சாமான் அறை உண்டு. பழைய சூட்கேசுகளுக்கும் அரிசி மூட்டைக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தாள்.

கொஞ்ச நாளில் இந்திரா குலேந்திரனைப் படியில் மறித்தாள்.

"அண்ணை, உங்கடை சாமான் அறையுக்கை ஆருக்கோ மூச்சு முட்டுது. நான் ரெண்டு தரம் கேட்டிட்டன். பொலிசுக்குச் சொல்லுவமே?"

குலேந்திரன் டோர்ச் லைற்றோடு இறங்கிப் போய்ப் பார்த்தார். வாளியில் மனைவி, வாயில் மவுத் ஓர்கன்.

"இஞ்சரும், உமக்கென்ன விசரே? நிலத்துக்குக் கீழை இருந்து பீப்பீ ஊதுறீர்?"

"பீப்பீ இல்லையப்பா. இது புளூஸ்."

"அதென்ன சாமான்? ஒப்பாரியே?"

புஷ்பராணி யோசித்தாள். "ஒப்பாரி வைச்சவை எழும்பி முகத்தைக் கழுவிப்போட்டு, சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சால் எப்பிடி இருக்கும்? அது மாதிரி."

கல்யாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவள் ஒரே மூச்சில் சொன்ன ஆக நீளமான வசனம் அதுதான். குலேந்திரன் அரிசி மூட்டையில் இருந்துவிட்டார். "சரி, வாசியும் பாப்பம்" என்றார். கடைசி வரை இருந்து கேட்டார். அடுத்த கிழமை சாமான் அறைக்குக் குளிர் போக்க ஒரு மின்சாரக் கணப்பும் மெத்தை வைத்த கதிரையும் வந்து சேர்ந்தன.

மாரித்தின் குழுவில் நான்கு பேர். சனிக்கிழமை மத்தியானங்களில் ஆக்கர் ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு மதுச்சாலையில் வாசிப்பார்கள். அதை நடத்துகிறவர் ரூனே. எப்போதும் ஒரே பச்சை ஸ்வெட்டர் போட்டிருப்பார். குழுவில் மவுத் ஓர்கன் வாசித்தவர் மகளோடு இருக்க வடக்கே போய்விட்டதால் அந்த இடம் காலியாகியது. மாரித் ஒன்றும் சொல்லாமல் புஷ்பராணியைத் தன் கராஜுக்கு ஒத்திகைக்குக் கூட்டிப்போனாள். புஷ்பராணி முதல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடியே வாசித்தாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். கராஜில் தொங்கிய பனிக்காலக் கார்ச் சக்கரங்களுக்குத்தான் அவளுடைய முகம் தெரிந்தது.

ரூனே கராஜுக்கு வந்து அவள் வாசிப்பதைக் கேட்டார். "வாசிப்பில் குறை இல்லை" என்றார். "ஆனால் என்னுடைய இடத்துக்கு வருகிறவர்கள் முதுகைப் பார்க்க வருவதில்லை. ஒரு மண்டபத்துச் சனத்தைப் பிடித்து இருத்தத் தெரிய வேண்டும். மூன்று பேரைப் பார்க்கப்போகிறேன். ஆளுக்கு ஒரு சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை உனக்கு. யார் வாசிக்கும்போது ஆட்கள் எழும்பிப் போகாமல் இருக்கிறார்களோ, அவருக்கு இந்த இடம்."

புஷ்பராணி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் இதுவரை தனக்கென்று எதையும் கேட்டதில்லை. திரைச்சீலை நிறத்தைக்கூட மற்றவர்கள்தான் தீர்மானித்தார்கள். இந்தச் சனிக்கிழமைகள் மட்டும் தனக்கு வேண்டும் என்று இருந்தது. எவ்வளவு வேண்டும் என்றால், இரவு சோற்றின் மேல் குழம்புக்குப் பதில் தண்ணீரை ஊற்றினாள்.

"என்னம்மா, யாரும் செத்திட்டினமே?" என்று கேட்டாள் ஹம்சத்வனி. அவள் இப்போது பல்கலைக்கழக மாணவி.

தாய் சொன்னாள். மகள் எழும்பிக் கட்டிப்பிடித்தாள். குலேந்திரன் சோற்றுக் கையோடு யோசனையில் ஆழ்ந்தார்.

"சனத்தைப் பிடிச்சு இருத்தோணும் எண்டவரோ?" என்றார். "சனத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

"ஐயோ, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"சனம் இல்லாமல் என்ன கச்சேரி? நீர் வாசியும். மிச்சத்தை என்னட்டை விடும்."

குலேந்திரனிடம் ஒரு விசித்திரம் உண்டு. பஸ் ஓட்டும்போது ஒரு நிமிடம் பிந்தினாலும் அவரால் பொறுக்க முடியாது. அதே மனிதர் தமிழாட்களின் விழா என்றால் ஒன்றரை மணித்தியாலம் பிந்தித்தான் வெளிக்கிடுவார். எல்லோரும் அப்படித்தான் வருவார்கள், முதலில் போனால் கதிரை அடுக்க விட்டுவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். விழா நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். ஆகவே அவர்கள் நேரத்தை முன்னுக்குத் தள்ளித்தான் அறிவிப்பார்கள். வருகிறவர்களுக்கு அதுவும் தெரியும்.

வாசிப்பு இரண்டு மணிக்கு. குலேந்திரன் தொலைபேசியில் எல்லோருக்கும் அனுப்பிய செய்தியில், பன்னிரண்டரை மணிக்குச் சரியாக ஆரம்பம் என்று போட்டார்.

"அப்பதான் ரெண்டுக்கு வந்து சேருவினம்" என்றார் மகளிடம்.

கணக்கு பிழைத்தது. செய்தியைப் படித்த அருளானந்தன், ஹொல்ம்லியாவில் நடக்கும் எல்லா விழாவிலும் நன்றியுரை சொல்கிறவர், உடனே பதில் போட்டார்: "இது வெள்ளையளின்ரை இடம். எங்கடை பழக்கத்தைக் காட்டி மானத்தை வாங்கக்கூடாது. எல்லாரும் நேரத்துக்கு நிக்கவேணும்."

எல்லோரும் நேரத்துக்கு நின்றார்கள். சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு, திறக்காத மதுச்சாலையின் வாசலில், காஞ்சிபுரச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட பெண்களும் கோட் போட்ட ஆண்களும் பிள்ளைகளுமாக ஒரு நீண்ட வரிசை. வீடியோ எடுக்க ஒருவர் மூன்றுகால் தாங்கியோடு வந்திருந்தார். திறப்புக் கொத்தோடு நடந்து வந்த ரூனே, தெரு மாறி வந்துவிட்டேனோ என்று நிமிர்ந்து பெயர்ப் பலகையைப் பார்த்தார்.

கதவைத் திறந்து விட்டார். உள்ளே வந்தவர்கள் மேசைகளை ஒதுக்கிக் கதிரைகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். பியர் யாரும் கேட்கவில்லை. கோப்பியும் வாஃபிள் அப்பமும் கேட்டார்கள். ஒருமணிக்கு வாஃபிள் மாவு முடிந்தது. ஒன்றரைக்குக் கோப்பி முடிந்தது. பிள்ளைகள் பில்லியட் மேசைக்குக் கீழே வீடு கட்டி விளையாடினார்கள். வழமையாக வருகிற நொர்வே ஆட்கள் வந்து, இடமில்லாமல் சுவரோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இரண்டு மணிக்குக் குழுவோடு மேடையேறிய புஷ்பராணி, முன்னால் இருப்பதெல்லாம் தெரிந்த முகங்கள் என்று கண்டாள். உடனே மாரித் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதற்பாட்டு தொடங்கியது. பாதி போயிருக்காது, அருளானந்தன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு எழும்பினார். அவரைப் பார்த்து இந்திரா எழும்பினாள். பிறகு ஒரு வரிசை. பிறகு இன்னொரு வரிசை.

அவர்களிலும் பிழையில்லை. மூன்று மணிக்கு ஸ்ட்ரோம்மன் பக்கத்து மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழா. சிலருக்கு அம்மருட் கோயிலில் அபிஷேகம். பன்னிரண்டரைக்குத் தொடங்கினால் இரண்டுக்கு முடியும் என்று கணக்குப் போட்டு வந்தவர்கள். நொர்வே நாட்டில் இவ்வளவு பிந்தித் தொடங்குவார்கள் என்று யார் கண்டது?

பின்னால் நின்ற ரூனே கையைக் கட்டிக்கொண்டார். யாரும் எழும்பிப் போகாமல் இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். இங்கே முழு மண்டபமுமே எழும்பிவிட்டது. குலேந்திரன் கடைசி வரிசையில் தலையில் கை வைத்தார்.

அதோடு முடிந்திருந்தால் புஷ்பராணியின் சனிக்கிழமைகளும் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் நம்முடைய ஆட்கள் ஒரு விழாவிலிருந்து கதவைத் திறந்துகொண்டு சும்மா போய்விடுவார்களா? வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொள்ளாமல் போவது எவ்வளவு மரியாதைக்கேடு! இன்றைக்கு வீட்டுக்காரி மேடையில் நிற்கிறாள். ஆகவே எழும்பியவர்கள் எல்லோரும் கதவுக்குப் போகாமல் மேடையை நோக்கி வந்தார்கள். அருளானந்தன் விளிம்பில் வந்து நின்று, பாட்டுக்கு நடுவிலேயே, நன்றியுரைக் குரலில் சொன்னார்:

"தங்கச்சி, நல்லா வாசிக்கிறீர். வேறை ஒரு அலுவல் இருக்கு. நாங்கள் போட்டு வாறம், என்ன?"

புஷ்பராணியின் வாயில் மவுத் ஓர்கன். எடுத்தால் பாட்டு அறுந்துபோகும். ஆனால் மூத்தவர் ஒருவர் முன்னால் வந்து "போட்டு வாறம்" என்று விடைபெற்றால் பேசாமல் நிற்க அவளால் முடியாது. எந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணாலும் முடியாது. அவள் திரும்பினாள். அருளானந்தனின் முகத்தைப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்து, "ஓம் அண்ணை, போட்டு வாங்கோ" என்ற ஏற்ற இறக்கத்தை அப்படியே மவுத் ஓர்கனில் சொன்னாள். கடைசி எழுத்தை நீட்டி வழுக்க விட்டாள்.

அருளானந்தன் அசையாமல் நின்றார். "என்ன, எனக்கே சொன்னீர்?"

மவுத் ஓர்கன் "ஓம், ஓம்" என்றது.

மாரித் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிற்றாரை அந்தப் பதிலுக்குப் பின்னால் ஓட விட்டாள். மேளக்காரர் இடைவெளியில் ஒரு தட்டுத் தட்டி அடுத்தவருக்கு வழிவிட்டார். அடுத்தது இந்திரா.

"புஷ்பராணி அக்கா, பிள்ளையளுக்குப் பசிக்குது. நாங்கள் வெளிக்கிடுறம்."

மவுத் ஓர்கன் இந்திராவை மேலும் கீழும் பார்ப்பதுபோல ஒரு வளைவு வளைந்து, அத்தனை வாஃபிளும் முடிந்த பிறகும் பசியோ என்று கேட்டது. சொல் ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி எல்லோருக்கும் விளங்கியது. இந்திராவுக்கு முதலில் விளங்கியது.

"அக்கா! சபையிலை வைச்சு நக்கலே?" என்று கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சுவரோடு நின்ற நொர்வே ஆட்களும் கையைத் தட்டினார்கள். ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு சாட்டுச் சொன்னார்கள்: கோயில், கார் நிறுத்தியது, மாமியின் முழங்கால். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதில் போனது; மாமியின் முழங்காலுக்கு ஒரு முனகல்கூடப் போனது. சொல்லிக்கொண்டவர்கள் வெளியே போகவில்லை. அடுத்தவருக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று பார்க்க ஓரமாக நின்று, பிறகு மெல்ல இருந்துவிட்டார்கள். கடைசியில், எங்கேயும் போகிற எண்ணமே இல்லாத தாடிக்கார நொர்வே மனிதர் ஒருவர் தன் கிளாசை வைத்துவிட்டு வரிசையில் வந்து, தானும் போய்வரலாமா என்று கேட்டார். அவருக்கும் ஒன்று கிடைத்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியத் திரும்பிப்போய்த் தன் இடத்தில் இருந்தார்.

வரிசை முடிந்தபோதுதான், தான் இவ்வளவு நேரமும் சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை புஷ்பராணி உணர்ந்தாள். திரும்பச் சுவரைப் பார்க்கத் தோன்றவில்லை. அடுத்த பாட்டை அப்படியே நின்று தொடங்கினாள். பிறந்தநாள் விழாவுக்குப் போகவேண்டியவர்கள் ஸ்ட்ரோம்மனுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. கேக் இன்னும் வெட்டவில்லை.

"இது நீங்கள் ஒத்திகை பார்த்த நாடகமா?" என்று ரூனே மாரித்திடம் கேட்டார்.

"இல்லை. இவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போக மாட்டார்கள்."

"நாங்கள் சொல்லிக்கொள்ளாமல்தான் போவோம்" என்றார் ரூனே. பிறகு பன்னிரண்டரை என்று செய்தி அனுப்பியது யார் என்று விசாரித்து, குலேந்திரனைத் தேடிப் பிடித்து, "நீ பஸ் ஓட்டுகிறவன் என்று சொன்னார்கள். நம்ப முடியவில்லை" என்றார். குலேந்திரனுக்கு முகம் கறுத்தாலும் சமாளித்துச் சிரித்தார்.

மூன்றாவது ஆளின் சனிக்கிழமையும் முடியும் வரை ரூனே ஒரு முடிவும் சொல்லவில்லை. அந்த இரண்டு கிழமையும் புஷ்பராணி பாதி வயிற்றுக்குத்தான் சாப்பிட்டாள். மறு திங்கட்கிழமை, சலவை அறையில் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ரூனே ஒரு வரிதான் சொன்னார்: இந்த இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகள் உன்னுடையவை. அவள் "சரி" என்றாள். வைத்துவிட்டு, மடித்த உறைகளை எல்லாம் உதறி, திரும்ப முதலிலிருந்து மடித்தாள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. புஷ்பராணி இப்போதும் வாரநாட்களில் அதே சலவை அறையில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் ரூனேயின் மேடையில் நிற்கிறாள். போன கோடையில் குழு ஓஸ்லோவுக்கு வெளியே இரண்டு ஊர்களில் வாசித்தது. மேடையில் அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பாட்டின் பெயரை மாரித்தான் சொல்கிறாள்.